பெரியப்பா ஹோவின் தேசம்

அயல்நாட்டுக்குப் போய்த் திரும்பியவனைப் பார்த்து நம்மவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதுதான். அந்நாட்டின் சரித்திரம், அரசியல், கைத்தொழில் எல்லாம் அதற்குப் பிறகு. ஆகையால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வியட்நாமில் எங்கள் வயிறு வாடவில்லை. மீனை உப்பில் ஊறவைத்து வடித்த ஒரு சாறு அத்தேசத்தில் ஏறக்குறைய எல்லாப் பண்டங்களிலும் கலக்கிறது என்பது உண்மையே. ஆனால் 'சாய்' என்ற ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போனால் போதும். சாய் என்றால் மரக்கறி உணவு. பௌத்த தர்மம் பழகிய பூமியாதலால், சாந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி மட்டுமே உண்ணும் வழக்கம் அங்கே பல குடும்பங்களில் உண்டு. "சாய்" என்று சொன்னவுடன் கடைக்காரக் கிழவியின் முகத்தில் ஒரு மரியாதை தோன்றியது. என் மனைவியை ஏதோ விரதம் இருக்கிறவள் என்று அவள் எண்ணியிருக்க வேண்டும்.

காப்பியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. உலகத்தில் பிரேஸிலுக்கு அடுத்தபடியாக அதிகக் காப்பிக்கொட்டை விளைவிக்கும் தேசம் அது. கண்ணாடித் தம்ளரின் தலையில் ஒரு சிறு தகரப் பாத்திரத்தை உட்கார்த்தி வைக்கிறார்கள். அதன் அடியிலுள்ள துளைகள் வழியாகக் கறுப்பு டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நம் வீட்டுப் பில்டருக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பாலுக்குப் பதில் தித்திப்பான டின் பால். 1946-ஆம் ஆண்டில், யுத்த காலத்துப் பால் பஞ்சத்தில், ஹானோய் நகரத்து ஓட்டல்காரர் ஒருவர் முட்டையின் மஞ்சட் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் மிதக்கவிட்டார். பஞ்சம் போயிற்று, முட்டைக் காப்பி நிலைத்துவிட்டது. அதை நாங்கள் தூரத்திலிருந்து தரிசித்ததோடு சரி.

சென்ற மே மாத விடுமுறையில், கோலாலம்பூர் வழியாக ஆகாய விமானத்தில் ஹானோய் போய்ச் சேர்ந்தோம். விமான நிலையத்தில் கையிலிருந்த டாலரை மாற்றியபோது திடீரென்று லட்சாதிபதியானேன். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய முந்நூறு 'டோங்' கிடைக்கிறது. ஒரு லட்சம் டோங் நோட்டு என்றால் நம் கணக்கில் முந்நூற்றுச் சில்லறை ரூபாய். அந்த நோட்டின் ஒரு பக்கத்தில் ஹோ சி மின் முகம். மறு பக்கத்தில் ஒரு பழைய கல்விக்கூடத்தின் படம். நோட்டில் பள்ளிக்கூடத்தை அச்சிடும் ஒரு தேசத்தின் மேல் உபாத்தியாயனுக்கு அபிமானம் பிறப்பதில் வியப்பில்லை அல்லவா?

அபிமானம் பிறந்த மாத்திரத்தில் உயிர்ப் பயமும் பிறந்தது. காரணம் மோட்டார் சைக்கிள்கள். பத்துக் கோடி ஜனங்களுள்ள நாட்டில் ஆறு கோடிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பாதி அன்று சாயங்காலம் எங்கள் ஓட்டல் வாசலில்தான் ஓடின என்று தோன்றியது. ஒரு வண்டியில் அலமாரி, மற்றொன்றில் உயிருள்ள பன்றி, இன்னொன்றில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். தெருவைக் கடக்கும் வித்தையை ஓட்டல் சிப்பந்தி கற்றுக் கொடுத்தார். நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, பின்வாங்கவே கூடாது. ஒரே சீராக, மெதுவாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். வெள்ளம் கல்லைச் சுற்றிப் போவது போல் வண்டிகள் நம்மைச் சுற்றிப் போய்விடும். அப்படியே போயின. ஒருவர்கூட எங்களைத் திட்டவில்லை. நம் ஊரிலானால் இதற்குள் எங்கள் வம்சம் முழுவதும் தெருவில் இழுபட்டிருக்கும்.

அத்தேசத்தில் முதற் பார்வையிலேயே என் மனத்தைக் கவர்ந்தது, ஜனங்கள் ஒருவரையொருவர் அழைக்கும் முறை. 'நான்', 'நீ' என்ற சொற்களை வெறுமனே அங்கே வழங்குவதில்லை. எல்லாம் உறவு முறைதான். தன்னைவிட மூத்தவன் 'அன்', அதாவது அண்ணன். மூத்தவள் 'சி', அக்காள். இளையவர் 'எம்'. தகப்பனாருக்கு மூத்தவர் 'பாக்', இளையவர் 'சூ'. வாத்தியார் 'தாய்', வாத்தியாரம்மாள் 'கோ', அதாவது அத்தை. பேசுகிறவன் தன்னைச் சொல்லிக் கொள்வதும் அதே உறவைக் கொண்டுதான். ஆகையால் எதிரே நிற்பவர் தமக்கு மூத்தவரா இளையவரா என்று தெரியாவிட்டால் வாக்கியமே தொடங்க முடியாது. அதனால்தான் பார்த்தவுடனே, "உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்கிறார்கள். வெள்ளைக்காரப் பிரயாணிகள் இதைக் கேட்டுத் திகைக்கிறார்கள். எங்களுக்கோ, ஏதோ கல்யாண வீட்டுக் கூடத்தில் நுழைந்துவிட்டது போல் இருந்தது.

இங்கே ஒரு சிறு விஷயம். இங்கிலீஷ்ப் பத்திரிகைகள் ஹோ சி மின்னை 'அங்கிள் ஹோ' என்று எழுதுகின்றன. ஆங்கிலத்தில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோருக்கும் ஒரே குல்லாய்தானே! வியட்நாமியர் சொல்வது 'பாக் ஹோ'. பாக் என்றால் தகப்பனாரின் தமையன். ஆகவே, அவர் ஹோ மாமா அல்ல, பெரியப்பா ஹோ. இந்த வித்தியாசத்தைத் தமிழன் ஒரு கணத்தில் தெரிந்துகொள்கிறான். தகப்பனாரே எழுந்து நிற்க வேண்டிய ஸ்தானம் அல்லவா அது?

பெரியப்பாவின் சமாதி பா டின் என்னும் மைதானத்தில் இருக்கிறது. 1945 செப்டம்பர் 2-ஆம் தேதி, வியட்நாம் சுதந்திர நாடு என்று அவர் பிரகடனம் செய்த இடம் அதுவே. தம் உடலைத் தகனம் செய்துவிடும்படி அவர் எழுதி வைத்திருந்தார். 1969-இல் அவர் காலமான பிறகு அந்த விருப்பத்துக்கு மாறாக உடலைப் பதப்படுத்தி, 1975-இல் பிரம்மாண்டமான கல் மண்டபம் ஒன்றில் வைத்துவிட்டார்கள். எனக்கென்னவோ மண்டபத்தைக் காட்டிலும், அதன் பின்புறம் மீன் குளத்தின் ஓரத்தில் மரக் கால்கள் மேல் நிற்கும் அவருடைய சிறிய வீடுதான் பிடித்திருந்தது. பிரெஞ்சுக் கவர்னர் ஜெனரலின் அரண்மனை பக்கத்திலேயே இருக்க, அதில் குடியிருக்க மறுத்தவர் அவர். அவர் ஸ்தாபித்த ஆட்சியில் ஒரே கட்சிதான், பத்திரிகைகளுக்கெல்லாம் ஒரே குரல்தான் என்பதும் நினைவுக்கு வராமல் இல்லை. அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நோட்டில் கண்ட கல்விக்கூடத்துக்கு மறுநாள் காலையில் போனோம். வான் மியூ என்று பெயர். இலக்கியக் கோயில் என்று சொல்லலாம். 1070-ஆம் ஆண்டில் கன்பூஷியஸ் முனிவருக்காகக் கட்டப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து அங்கேயே ராஜ்யத்தின் உயர்தரக் கலாசாலை ஏற்பட்டது. நம் முதற் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்ததும் 1070-இல்தான் என்பதை நினைத்துக் கொண்டால் காலம் விளங்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து முற்றங்கள். வெளியே மோட்டார் சைக்கிள் பிரவாகம். உள்ளே செம்மயிற்கொன்றை பூத்துச் சொரிந்துகொண்டிருந்தது. பரீட்சைக் காலத்தில் பூப்பதால் அதை அங்கே மாணவர் பூ என்கிறார்கள்.

மூன்றாவது முற்றத்தில்தான் அந்த ஆமைகள் இருக்கின்றன. 82 கல் ஆமைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஆளுயரத்துக்குக் குறையாத ஒரு கற்பலகை. 1442 முதல் 1779 வரையில் நடந்த ராஜாங்கப் பரீட்சைகளில் தேறியவர்களின் பெயரும் ஊரும் அவற்றில் வெட்டப்பட்டிருக்கின்றன. மொத்தம் ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல். 1484-இல் லே தான் தோங் என்ற அரசர் இந்த வழக்கத்தைத் தொடங்கினார். யுத்தத்தில் வென்றவனுக்கு நடுகல் நாட்டுவதை நாம் அறிவோம். பரீட்சையில் தேறியவனுக்குக் கல் நாட்டியதை அங்கேதான் கண்டேன். முற்காலத்தில் மாணவர்கள் பரீட்சைக்குப் போகுமுன் வந்து ஆமையின் தலையைத் தடவிச் செல்வார்களாம். தலைகளெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டதால் இப்போது வேலி கட்டியிருக்கிறார்கள். வேலிக்கு மேல் கையை நீட்டிய ஒரு பையனைக் காவற்காரர் விரட்டியதையும் பார்த்தேன். பையன் தோற்கமாட்டான் என்று நினைக்கிறேன்; விரல் பட்டுவிட்டது.

பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் கூட்டம் ஒன்று, வெள்ளை நிற நீண்ட அங்கி அணிந்து, போட்டோ எடுத்துக்கொள்ள வந்திருந்தது. அவர்களை அழைத்து வந்திருந்த ஆசிரியை சரித்திரம் கற்பிப்பவர், இங்கிலீஷ் பேசினார். நானும் அதே தொழில் என்று சொன்னதும் வயதைக் கேட்டார். இரண்டு வருஷம் எனக்கு இளையவர். உடனே என்னை 'அன்' ஆக்கிவிட்டார்.

"தங்கச்சி, இந்தக் கல்லில் முதல் வரியில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது, அண்ணா. எங்களில் யாருக்கும் தெரியாது" என்றார் அவர்.

நான் திகைத்து நின்றேன். அவர் கையிலிருந்த அச்சிட்ட கையேட்டில் அந்தக் கல்லின் மொழிபெயர்ப்பு இருந்தது. அதைப் பார்த்துத்தான் மாணவிகளுக்குச் சொல்வாராம். கல்லில் இருப்பது சீன எழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேல் அத்தேசத்தில் ராஜாங்கமும் கல்வியும் சீன எழுத்தில்தான் நடந்தன. தாய்மொழியை எழுத, சீன எழுத்தை ஒட்டியே 'நோம்' என்று ஒரு லிபியை உண்டாக்கிக் கொண்டார்கள். அவர்களுடைய மகா காவியம் என்று போற்றப்படும் 'கியூ' கதையை நுயென் தூ என்ற கவி 3,254 அடிகளில் பாடியது அந்த நோம் லிபியில்தான். இதற்கிடையே பதினேழாம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகல், பிரான்ஸ் தேசத்துப் பாதிரிமார்கள், மதப் பிரசாரத்துக்காக அந்தப் பாஷையை ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். அலெக்ஸாந்தர் தெ ரோத் என்னும் பாதிரியாரின் அகராதி 1651-இல் ரோமாபுரியில் அச்சாயிற்று. அந்தப் பாஷையில் ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்தால் ஆறு பொருள் தரும். 'மா' என்பதை ஒரு விதமாகச் சொன்னால் பேய். இன்னொரு விதமாகச் சொன்னால் கன்னம். மற்ற விதங்களில் ஆனால், கல்லறை, குதிரை, நாற்று. இத்தனையையும் காட்டுவதற்காக எழுத்தின் தலையிலும் காலிலும் கொக்கியும் புள்ளியும் வைத்தார்கள்.

பிரெஞ்சு சர்க்கார் இந்த ரோமன் லிபியை ஆதரித்தது, சீனத்தோடு ஜனங்களுக்கு இருந்த பழைய பிணைப்பை அறுப்பதற்காக. ஆனால் ஆயுதம் கைமாறிவிட்டது. 1907-இல் ஹானோயில் தேச பக்தர்கள் ஏற்படுத்திய இலவசக் கலாசாலையில் அதே லிபியில் தேசியக் கல்வி புகட்டினார்கள். பயந்துபோன சர்க்கார் ஓராண்டுக்குள் அதை மூடிவிட்டது. ராஜாங்கப் பரீட்சை 1919-இல் கடைசி முறையாக நடந்து ஓய்ந்தது. சுதந்திரப் பிரகடனத்துக்கு ஆறு நாள் கழித்து, 1945 செப்டம்பர் 8-ஆம் தேதி, பெரியப்பாவின் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஒரு வருஷத்துக்குள் ரோமன் லிபியில் எழுதப் படிக்கக் கற்றுவிட வேண்டும்! அப்போது அந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறியாதவர்கள். அதே வருஷத்தின் முற்பகுதியில் வடபகுதியில் லட்சக்கணக்கான பேர் பஞ்சத்தில் மாண்டிருந்தார்கள். கஜானாவோ காலி. ஆனாலும் கோயிலிலும் மரத்தடியிலும் வீட்டுத் திண்ணையிலும் வகுப்பு நடந்தது. சந்தை வாசலில் பலகையில் எழுத்தை எழுதி வைப்பார்களாம். வாசித்தவர் நேர் வாசல் வழியே போகலாம், வாசிக்கத் தெரியாதவர் 'குருட்டு வாசல்' வழியே குனிந்து போக வேண்டும். இந்தத் தண்டனை எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டிமார்களைக் குனிய வைத்துக் கற்பிப்பது என்ன கல்வி? ஆனால் அந்தப் பாட்டிமார்கள் கற்றார்கள் என்பதும், இன்று அத்தேசத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் எழுத்தறிந்தவர்கள் என்பதும் மறுக்க முடியாதவை.

"எங்கள் வீட்டில் குடும்பத்தின் வமிசாவளி ஏடு ஒன்று இருக்கிறது. பாட்டனாருடைய பாட்டனார் கைப்பட எழுதியது. வருஷப் பிறப்பன்று அதற்குத் தூபம் காட்டுகிறோம். ஆனால் ஒரு எழுத்துக்கூட எங்களுக்குத் தெரியாது" என்றார் அந்த ஆசிரியை.

"வருத்தமாக இல்லையா?"

அவர் சற்று யோசித்தார். "என் அம்மாவைப் பெற்ற பாட்டி நாற்று நடுகிறவள். பழைய எழுத்தே இருந்திருந்தால் அந்த ஏடும் அவளுக்கு ஏடுதான், செங்கல்லும் செங்கல்தான். புது எழுத்தினால் ஆறு மாதத்தில் அவள் கடிதம் எழுதினாள். யுத்தத்துக்குப் போன மகனுக்கு" என்றார். பிறகு, "அவன் திரும்பி வரவில்லை. கடிதங்கள் இருக்கின்றன. அவற்றை என்னால் படிக்க முடிகிறது" என்று முடித்தார்.

நான் ஒன்றும் பேசவில்லை. என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது முற்றத்தில் இருந்த கலாசாலைக் கட்டடங்கள் பிரெஞ்சுக்காரரோடு நடந்த யுத்தத்தில் நாசமாயின. இப்போதுள்ளவை 2000-ஆம் ஆண்டில் எழுப்பியவை. கீழ்த் தளத்தில் சூ வான் ஆன் என்ற உபாத்தியாயரின் விக்கிரகத்துக்கு ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், லஞ்சம் வாங்கிய ஏழு மந்திரிகளின் தலையை வெட்ட வேண்டும் என்று அரசனுக்கு விண்ணப்பம் செய்தாராம். அரசன் பதில் சொல்லாமல் இருக்கவே, உத்தியோகத்தை உதறிவிட்டு மலைப்பக்கம் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் காலம் கழித்தாராம். மூன்று அரசர்களின் விக்கிரகங்கள் மேல் மாடியில் இருக்கின்றன. மாடி ஏறாமல் உபாத்தியாயரோடு திரும்பிவிடுகிறவர்களே அதிகம்.

ஹோவா லோ என்னும் பழைய பிரெஞ்சுச் சிறைச்சாலையைப் பற்றி விரித்து எழுதப் போவதில்லை. அந்தமான் சிறையைக் கட்டத் தொடங்கிய அதே 1896-இல் கட்டப்பட்டது என்று சொன்னால் மற்றதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். தலை வெட்டும் யந்திரம் அப்படியே நிற்கிறது. முற்றத்திலுள்ள நாட்டு வாதுமை மரத்தின் இலையையும் பட்டையையும் கைதிகள் மருந்தாக உபயோகித்தார்கள்.

சிவப்பு நதியின் மேல் செல்லும் லோங் பியன் பாலத்தை மட்டும் பார்க்காமல் வராதீர்கள். 1902-இல் பிரெஞ்சுக்காரர் கட்டி முடித்தது. பாரிஸ் கோபுரம் கட்டிய ஈபெல்தான் கட்டினார் என்று வழிகாட்டிகள் சொல்வது தவறு, அது வேறொரு கம்பெனியின் வேலை. 1967-லும் 1972-லும் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு அதன் கண்களை உடைத்தன. ஒவ்வொரு முறையும் கையில் அகப்பட்ட இரும்பைக் கொண்டு ஒட்டுப் போட்டார்கள். ஆகையால் ஒரு கோடியிலிருந்து பார்த்தால், சில இடங்களில் அழகான வளைவு, சில இடங்களில் மொட்டை. நடுவில் ரெயில்; இருபுறமும் மோட்டார் சைக்கிள். தேசம் முழுவதும் வலப்பக்கமாகப் போகிற வண்டிகள் இந்தப் பாலத்தில் மட்டும் இடப்பக்கமாகப் போகின்றன. எனக்கு ஊர் வந்துவிட்டது போல் இருந்தது.

தெற்கே போகும் ரெயிலில் இரவு ஏறினோம். மீட்டர் கேஜ் வண்டி! அந்தத் தாலாட்டை மறந்து எத்தனை வருஷமாகிறது! ஹானோயிலிருந்து ஸைகோன் வரை 1,726 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை 1936-இல் முடிந்தது. 1954-இல் தேசம் இரண்டாகப் பிளந்தபோது பாதையும் துண்டாயிற்று. மீண்டும் முழுவதும் ஓடியது 1976-ஆம் ஆண்டின் கடைசி நாளில். பொழுது விடிந்தபோது இருபுறமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையிலேயே நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். வயலுக்கு நடுவே சமாதிகள். ஊருக்கு ஊர் ஒரு வெள்ளைத் தூண், அதைச் சுற்றி வரிசை வரிசையாக ஒரே அளவான கற்கள். யுத்தத்தில் இறந்தவர்களுக்கானவை. எண்ணத் தொடங்கிச் சிறிது நேரத்தில் விட்டுவிட்டேன். அமெரிக்க யுத்தத்தில் படைவீரர் பதினொரு லட்சமும் மற்ற ஜனங்கள் இருபது லட்சமும் இறந்ததாக அந்நாட்டு அரசாங்கம் 1995-இல் கணக்குச் சொல்லிற்று. பல கற்களில் பெயர் இல்லை. 'அநாமதேயர்' என்று எழுதாமல், 'பெயர் இன்னும் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருந்த முதியவர் இதைச் சைகையாலும் பேரன் மூலமாகவும் எங்களுக்கு விளக்கினார். அவருடைய தமையனுக்கும் அப்படி ஒரு கல் எங்கோ இருக்கிறதாம். பென் ஹாய் என்ற சிறு ஆற்றை ரெயில் தாண்டியபோது பேரன், "இதுதான் எல்லைக்கோடாக இருந்தது" என்று சொன்னான். நம் வைகையைவிடக் குறுகலான ஆறு.

டா நாங் நகரத்தில் இறங்கி, அங்கிருந்து மோட்டாரில் மலைகளுக்கு நடுவே மீ சன் போனோம். இங்கே வியட்நாமியர் அல்லர், சாம் என்ற வேறொரு ஜாதியார் ஆண்டார்கள். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் பத்ரேசுவரன் என்ற பெயரில் சிவபெருமானுக்கு இங்கே கோயில் எடுத்தான். அது தீப்பட்டு அழிய, சம்புவர்மன் திரும்பக் கட்டிச் சம்புபத்ரேசுவரன் என்று பெயரிட்டான். பிறகு பல நூற்றாண்டுகளில் எழுபதுக்கு மேற்பட்ட செங்கற் கோயில்கள் எழுந்தன. செங்கல்லுக்குச் செங்கல் சாந்து தெரியாதபடி கட்டியிருக்கிறார்கள். பிற்காலத்தில் பழுது பார்த்தபோது வைத்த கற்களில் பாசி படிந்திருக்க, ஆயிரம் வருஷத்துக் கல் சிவப்பாகவே இருக்கிறது.

இந்தச் சாம் ராஜ்யத்தின் தலைநகரான விஜயத்தை 1471-இல் பிடித்து அழித்தவர் யார் தெரியுமா? ஆமைகளின் முதுகில் கற்பலகை ஏற்றிய அதே லே தான் தோங்! ஹானோயில் மாடியில் அவரைக் கண்டு மகிழ்ந்த எனக்கு இங்கே வேறு மாதிரி இருந்தது. சாம் ஜனங்கள் இன்றும் இருக்கிறார்கள். 2019-ஆம் வருஷக் கணக்குப்படி ஒன்றேமுக்கால் லட்சத்துக்குச் சற்று அதிகம். அவர்களில் ஒரு சாரார், தெற்கே பான்ராங் அருகில், பழைய கோயில்களில் தங்கள் முறைப்படி பூஜை நடத்தி வருகிறார்கள். மீ சன்னில் பூஜை இல்லை.

மிஞ்சியிருந்த கோயில்களில் மிக உயரமானதை 1969-இல் அமெரிக்கக் குண்டு வீழ்த்திவிட்டது. புல் முளைத்த பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. குண்டு விழுந்த பள்ளங்கள் என்று வழிகாட்டி சொன்ன பிறகே தெரிந்தது. நம் தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்தவர்கள் அங்கே சில வருஷங்கள் பழுது பார்த்தார்கள். 2020 மே மாதத்தில் அவர்கள் மண்ணைத் தோண்டியபோது ஒரே கல்லாலான சிவலிங்கம் ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முழுசாக அகப்பட்டது. என் மனைவி அதன் எதிரில் வெகுநேரம் நின்றாள். பக்கத்தில் ஓர் ஐரோப்பிய மாது, லிங்கத்தின்மேல் தொப்பியை மாட்டிப் போட்டோ எடுக்கப் பார்த்தாள். வழிகாட்டிப் பையன் ஓடிப்போய்த் தடுத்தான். அவன் வியட்நாமியன், பௌத்தன்.

திறந்த வெளியில் கல்வெட்டுப் பொறித்த ஒரு கல் நின்றது. பாஷை சம்ஸ்கிருதம்; எழுத்து, நம் பல்லவர் காலத்துக் கிரந்தத்துக்கு நெருங்கிய உறவு. "அண்ணா, நீங்கள் இந்தியர்தானே? இதைப் படித்துக் காட்டுங்களேன்" என்றான் பையன், மிகுந்த ஆவலோடு. அருகே போய்க் குனிந்து பார்த்தேன். கிரந்த ஏடுகளைத் தடையின்றி வாசித்தவர் என் தாத்தா. ஒரு 'ம'வையும் ஒரு 'ய'வையும் போலத் தோன்றிய இரண்டு எழுத்துக்களைத் தவிர எனக்கு வேறொன்றும் பிடிபடவில்லை. அவற்றைப் பையனுக்குக் காட்டினேன். அவன் தன் டெலிபோனில் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குச் சொல்ல ஓடினான்.